ஆணி கிடைத்தால் ஆறுதல்!

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போகிறோம். அங்கே மெட்டல் டிடெக்டர் "கீ... கீ..." என்று கத்துகிறது. பையில் சாவிக்கொத்து! எடுத்துக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே நடக்கிறோம்.

அதே சத்தம் கேட்டால், அசையாமல் நிற்கும் பெண்களும் உண்டு.

இலங்கையில் 2009-ம் ஆண்டு போர் முடிந்தது. ஆனால், யாழ்ப்பாணம் போகும் வழியில் உள்ள முகமாலையில் மண்ணுக்குள் கண்ணிவெடிகள் கிடந்தன. அங்குள்ள தமிழர்கள் அவற்றை "மிதிவெடி" என்பார்கள். அவற்றை அகற்றும் வேலையில் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு.

மூன்று பாடங்கள்

கருவியின் அடியில் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் ஓடினால் காந்த சக்தி உண்டாகும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அந்தச் சக்தி மாறும். உடனே சத்தம் வரும்.

புதுக் கருவியை வாங்கியவர் கற்க வேண்டியவை மூன்று.

ஒன்று: கருவியின் கூர்மை. அதிகம் கூட்டினால், வீணாகக் கத்தும். குறைத்தால், உலோகம் இருந்தும் பேசாது.

இரண்டு: மண். இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணும் கருவியை ஏமாற்றும். மண்ணுக்கு ஏற்றபடி கருவியைத் திருத்த வேண்டும்.

மூன்று: "ஆணியை விடு; காசை மட்டும் சொல்" என்று வைப்பது. பழங்காசு தேடுவோருக்கு இது வசதி.

வெடி தேடுவோருக்கோ இதுதான் ஆபத்து! பல மிதிவெடிகளின் உடல் பிளாஸ்டிக். உள்ளே துளி உலோகம்தான். ஆணியை ஒதுக்கினால், வெடியும் தப்பிவிடும்!

ஆகவே, வேலை தொடங்குமுன் ஒரு மாதிரித் துண்டை வைத்துக் கருவியைச் சோதிக்கிறார்கள். சத்தம் வந்த இடத்தில் மண்டியிட்டு, பக்கவாட்டில் மெல்ல மெல்ல மண்ணைச் சுரண்டுகிறார்கள்.

பெரும்பாலும் வெளியே வருவது ஆணியோ, தோட்டாவின் கூடோதான்.

பழங்காசு தேடுபவர் ஆணியைக் கண்டால் அலுத்துக்கொள்வார். இந்தப் பெண்களோ பெருமூச்சு விட்டு, அடுத்த அடி மண்ணைத் தேடுகிறார்கள்!