வளர்தலும் வேறுபடுதலும்: ஒரு சுண்டெலிப் புரதம் உணர்த்தும் உண்மை

உயிரினங்களின் உடல் செல்களால் ஆனது. ஒரு செல் பல செல்களாகப் பெருகுவதை வளர்ச்சி என்பர். பெருகியவை தோலாகவும் நரம்பாகவும் தசையாகவும் தத்தமக்குரிய வடிவும் தொழிலும் பெறுவதை வேறுபாடடைதல் என்பர். இவ்விரண்டும் ஒன்றல்ல. இராசபாளையத்து ஆலைகளில் நூல் பெருகுவது ஒன்று. அருகிலுள்ள சத்திரப்பட்டித் தறிகளில் நூல் காயம் கட்டும் துணியாவது மற்றொன்று. திருவில்லிபுத்தூரில் பால் மிகுவது வேறு. அது பால்கோவாவாகத் திரள்வது வேறு.

இவ்வேறுபாட்டை ஆராயத் துணைநின்றது சுண்டெலி. 1950களில் அமெரிக்காவில் ரீட்டா லெவி-மோண்டால்சினி என்னும் அம்மையாரும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்தனர். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது, இரண்டு வார அளவில் திறக்க வேண்டிய கண்ணிமைகள் ஏழாம் நாளளவிலேயே திறந்தன. இதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்துக் கோஹன் 1962இல் அறிவித்தார். அதுவே மேற்றோல் வளர்ச்சிக் காரணி. இருவரும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர்.

சுரப்பிச் சாற்றில் பல புரதங்கள் கலந்திருக்கும். எது எச்செயலைச் செய்தது எனத் துணிதல் அரிது. ஆகவே, சுண்டெலியின் குறிப்பிட்ட மரபணுவைப் பாக்டீரியாவினுள் சேர்த்து, அப்புரதம் ஒன்றையே அதனால் உண்டாக்கச் செய்து, தூய்மைப்படுத்தி எடுக்கின்றனர். இதுவே மறுசேர்க்கைப் புரதம் எனப்படும்.

அதன் பயனை ஒரு சோதனையால் அறியலாம். எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து 1976இல் உருவாக்கப்பட்ட பி.சி.12 என்னும் செல்களுக்கு மேற்றோல் வளர்ச்சிக் காரணியை அளித்தால் அவை பெருகுகின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணியை அளித்தாலோ, பெருகுவதை நிறுத்தி, நரம்புச் செல்போல் இழைகளை நீட்டுகின்றன. செல்லினுள் இரு செய்திகளும் பெரும்பாலும் ஒரே வழியிற்றான் செல்கின்றன. முன்னது சிறிது நேரமே ஒலிக்கிறது. பின்னது நீடித்து ஒலிக்கிறது. செய்தி நிலைக்கும் காலமும் செல்லின் போக்கை முடிவு செய்கிறது என்பது இதனாற் பெறப்படும்.

வேறுபாடடையாது, நிறுத்தமும் அறியாது செல்கள் பெருகிக்கொண்டே போவது புற்றுநோய். பெருக வேண்டிய இடத்துப் பெருகாமை ஆறாத புண். ஆதலின், வளர்ச்சி நன்மையா தீமையா என்பது இடத்தையும் அளவையும் பொறுத்தது.

சுண்டெலிக்கும் மனிதனுக்கும் இக்காரணியில் 53 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 37 ஒத்தவை. எனினும் சுண்டெலிப் புரதம் ஆய்வுக்கூடத்திற்கே உரியது, மருந்தன்று. மனித வகைப் புரதத்தை மறுசேர்க்கை முறையில் ஆக்கி, ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் 'ரீஜென்-டி' என்னும் களிம்பாக நீரிழிவுக் கால்புண்ணுக்கென வழங்கியுள்ளது. அதுவும் தானே முழு மருத்துவம் ஆகிவிடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், புண்ணைத் தூய்மை செய்தல், பாதத்தின் மேல் அழுத்தம் படாது காத்தல் ஆகியவற்றோடு, மருத்துவர் மேற்பார்வையிலேயே அது பயன்பட வேண்டும்.

நம் இல்லங்களில் ஆறாத கால்புண்ணை மறைத்து வைத்திருக்கும் பெரியோர் உளர். கட்டுத்துணி புண்ணைக் காக்கும். ஆற்றுவது உள்ளிருந்து வளரும் செல்லே. அது வளராதிருப்பதன் காரணத்தை மருத்துவரே ஆராய்ந்தறிய வேண்டும். இதனை அவர்கட்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கற்ற மாணவர் கடனாகும். அறிவியல் தமிழின் பயனும் அதுவே.