மதுரை - சென்னை: ஆகாயக் கணக்கும் கடைக் கணக்கும்

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு ஆகாய வழியில் சுமார் 420 கி.மீ. தூரம்தான். ரயில் பாதையில் எழும்பூருக்கு 493 கி.மீ. விமான அட்டவணையில் 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். இதை நம்பி நாம் பட்ட நஷ்டத்தை வணிகப் பெருமக்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

2023 தீபாவளிக்கு முன் மண்ணடித் தரகர் போன் செய்தார். "அண்ணாச்சி, துவரம் பருப்பு 300 மூட்டை சல்லிசா வந்திருக்கு. நாளைக்குக் காலை 11 மணிக்குள்ள நேர்ல வந்து அட்வான்ஸ் கொடுக்கிறவங்களுக்குத்தான் சரக்கு" என்றார். காலை 7.45 விமானத்துக்கு டிக்கெட் போட்டோம். 9.05க்கு இறங்கினால் 10 மணிக்கு மண்ணடி என்பது நமது கணக்கு.

கீழமாசி வீதியிலிருந்து 5.30க்கே புறப்பட வேண்டியதாயிற்று. பெட்டி வாங்கும் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடி விடுகிறார்கள். வேறொரு கடைக்காரருக்குக் காட்ட 2 கிலோ கொப்பரை சாம்பிள் பெட்டியில் வைத்திருந்தோம். அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எண்ணெய்ப் பசையுள்ள கொப்பரை தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று விமானத்தில் ஏற்றுவதில்லையாம். நாற்பது வருடம் கொப்பரை விற்ற நமக்கு அன்றுதான் தெரிந்தது!

விமானம் 50 நிமிடம் தாமதம். பறந்தது என்னவோ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அட்டவணை நேரம் என்பது நிற்கும் இடத்திலிருந்து நகர்ந்து, மறுபடி நிற்கும் இடத்துக்கு வரும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி. வீட்டிலிருந்து போவதும், காத்திருப்பதும், பெட்டிக்கு நிற்பதும் அதில் கிடையாது. பெட்டி கைக்கு வர 10.25. மெட்ரோ ரயில் பிடித்து மண்ணடி போய்ச் சேர 11.30.

சரக்கு விருதுநகர் வியாபாரி ஒருவருக்குப் போய்விட்டிருந்தது. முந்தின இரவே ரயிலேறி, விடியலில் எழும்பூரில் இறங்கி, குளித்து, டிபன் முடித்து, 9 மணிக்கே கடை வாசலில் நின்றாராம். மூட்டைக்கு 250 ரூபாய் கண்டிப்பாய் நின்றிருக்கும். 75,000 ரூபாய் போயிற்று.

கடை வாசலிலிருந்து கடை வாசலுக்கு நமக்கு ஆனது 6 மணி நேரம். 420 கி.மீ.யை அதில் வகுத்தால் மணிக்கு 70 கி.மீ.; லாரி ஓடும் வேகம். டெல்லிக்கு என்றால் பேச்சே வேறு. காத்திருப்பு அதே அளவுதான், ஆனால் சென்னையிலிருந்து ரயிலுக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆவது விமானத்தில் மூன்று மணிக்குள் முடிகிறது.

அதன் பிறகு மண்ணடிக்கு நான்கு முறை போய்விட்டோம். போவது இரவு ரயில். கொள்முதல் முடிந்த பின், தாமதமானாலும் நஷ்டமில்லை என்பதால் திரும்புவதற்கு மட்டும் சாயங்கால விமானம்.