பாட்டுப் பொட்டிக்குப் புதுத் தோல்!

நாட்றம்பள்ளிப் பக்கம் வந்து 'தோல்'னு சொன்னா யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வாணியம்பாடி டேனரிக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் விடியற்காலையிலேயே ஆள் ஏத்திக்கிட்டு வண்டிகள் பறக்கிற ஏரியா இது. ஆனா, எங்க செட்டுல ஒருத்தன் மட்டும் ஒரு வருஷமா வேற ஒரு தோலோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான். கம்ப்யூட்டர்ல பாட்டு கம்போஸ் பண்ற சாஃப்ட்வேரோட தோல்!

ஸ்கின், தீம்னு ரெண்டு பேர்ல சொல்வாங்க. பட்டன், மீட்டர், பின்னணி நிறம், எழுத்துனு கண்ணுக்குத் தெரியுற மேல் சட்டை அது. அதை மாத்தினா பாட்டோட சத்தம் ஒரு இம்மிகூட மாறாது. 'அப்புறம் எதுக்குடா இந்த வெட்டி வேலை?'னு நானும்தான் அவனைக் கலாய்ச்சேன். முழுக் கதையைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கிட்டேன்.

பம்பை போன கதை

போன வருஷம் ஆடி மாசம். பக்கத்து ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பம்பை செட்டு வந்திருந்தது. காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு ஒரு பாட்டு பண்ணிக்கிட்டிருந்த நம்ம ஆள், லேப்டாப்பையும் ரெண்டு மைக்கையும் தூக்கிட்டு ஓடினான். பெரியவர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, சாமி இறங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வாசிக்க வெச்சான். பம்பை பக்கத்துல நின்னா ஹெட்போன்ல என்ன கேக்கும்? ஒண்ணும் கேக்காது. மீட்டரைப் பார்த்துதான் லெவல் வெக்கணும்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டா... கரகரகர! பத்து நிமிஷமும் காலி.

டிஜிட்டல் ரெக்கார்டிங்ல பூஜ்யம் டெசிபல்ங்கிறது கூரை மாதிரி. சத்தம் அதுக்கு மேல போக முடியாது. போக முயற்சி பண்ணா அலையோட தலை தட்டையா வெட்டுப்பட்டுப் போகும். இதுக்குப் பேர்தான் கிளிப்பிங். ரெக்கார்ட் பண்ணும்போதே வெட்டுப்பட்ட தலையை அப்புறம் பழையபடி ஒட்டவைக்க முடியாது. அதனாலதான் லெவல் கூரையைத் தொட்டதும் மீட்டர் உச்சியில சிவப்பு விளக்கு எரியுது.

'சிவப்பு எரிஞ்சுதா இல்லையாடா?'னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் சொன்னான்: "மச்சி, எனக்கு அது தெரியாதுடா. தெரியாதுன்னா... கண்ணுக்கே தெரியாது."

சிவப்பு எங்கே போச்சு?

மூணு வருஷமா ஒண்ணா டீ குடிக்கிறோம். அவனுக்கு நிறக்குறைபாடு இருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்!

நம்ம விழித்திரையில நிறம் பிரிச்சுக் காட்டுற கூம்பு செல்கள் மூணு வகை. அதுல சிவப்பு, பச்சை நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஆண்களுக்கு எக்ஸ் ஒண்ணே ஒண்ணுதான்; அதுல கோளாறுன்னா ஈடுகட்ட ஸ்பேர் கிடையாது. அதனாலதான் இது பசங்களுக்கு அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவருக்கு சிவப்பு-பச்சைக் குழப்பம் உண்டு. இதுல ஒரு வகைக்காரங்களுக்குச் சிவப்பு நிறம் மாறித் தெரியறதோட, மங்கி இருட்டாவும் தெரியும். நம்ம ஆள் அந்த வகை.

விஷயம் என்னன்னா, திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் 'செம ஸ்டைலு'னு ஒரு கறுப்பு தீமை டவுன்லோட் பண்ணிப் போட்டிருக்கான். கறுப்புப் பின்னணியில கருஞ்சிவப்பு விளக்கு. அவன் கண்ணுக்குக் கறுப்பு மேல கறுப்பு!

அவன் வீட்டு விஷயமும் இதோட சேர்ந்தது. அவனோட அப்பா டேனரியில ஃபினிஷிங் செக்‌ஷன். வாங்குறவங்க அனுப்புற சாம்பிளுக்கும் இங்கே கலர் ஏத்தின தோலுக்கும் ஷேடு ஒத்துப்போகுதான்னு பார்த்துச் சொல்றவர். ப்ளஸ் டூ லீவுல பையனையும் கூட்டிட்டுப் போயிருக்கார். ரெண்டாவது நாளே சிவப்பு ஓடுற பிரவுனையும் பச்சை ஓடுற பிரவுனையும் ஒரே கட்டுல வெச்சு அடுக்கிட்டான் இவன். அப்புறம் கண் டாக்டர், புள்ளி புள்ளியா நம்பர் ஒளிஞ்சிருக்கிற இஷிஹாரா அட்டைனு போய்த்தான் விஷயம் தெரிஞ்சிருக்கு. பக்கத்துல ஜோலார்பேட்டை ஜங்ஷனைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இன்ஜின் டிரைவர் கனவும் அதோட போச்சு. சிக்னல் நிறம் தெரியாம அந்த வேலை கிடைக்காதே.

"பாட்டுக்குக் காது போதும்னு நெனச்சுதான்டா இதுக்கு வந்தேன். இங்கயும் கலர் வந்து நிக்குதேன்னு ஆயிடுச்சு" என்றான். அந்த ராத்திரிதான் முடிவு பண்ணினோம். டேனரியில சாம்பிள் நிறத்தை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. சாஃப்ட்வேர்ல முடியுமே!

வின்ஆம்ப் போட்ட பிள்ளையார் சுழி

அவன் யூஸ் பண்றது ரீப்பர். 60 நாள் இலவசமா ஓட்டிப் பார்க்கலாம். மாணவர்கள், சின்ன ஆட்களுக்கு லைசென்ஸ் 60 டாலர். இதை எழுதின ஜஸ்டின் ஃப்ராங்கல் யார் தெரியுமா? 1997-ல் 18 வயசுல வின்ஆம்ப் பிளேயரைக் கொண்டுவந்த அதே ஆள்! நம்ம அண்ணன்மார்கள் பிரவுசிங் சென்டர்ல பாட்டு கேட்ட வின்ஆம்ப்தான். அதோட ஸ்கின் ஃபைலைத் திறந்தா உள்ளே வெறும் படங்கள் அடைச்ச ஜிப் ஃபைல். எவனுக்கு வேணுமோ அவன் பெயின்ட்ல திறந்து மாத்திக்கலாம். 2006-ல் ரீப்பர் 1.0 வந்தது. இங்கேயும் தீம் ஃபைல் பழையபடி ஜிப்தான்.

பிரிச்சு மேய்ஞ்சோம்!

ஆப்ஷன்ஸ் மெனுவுல 'ரிசோர்ஸ் பாத்' காட்டச் சொன்னா ஒரு ஃபோல்டர் திறக்கும். உள்ளே 'கலர் தீம்ஸ்'. அதுல இருக்கிற தீமுக்கு முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சோம் (இதை மறந்தா சங்குதான்!). ஃபைல் பேரோட கடைசியை ஜிப்னு மாத்திப் பிரிச்சா, பட்டனுக்கு ஒரு பி.என்.ஜி. படம்னு நூத்துக்கணக்குல கொட்டுது. ஒரு பட்டன் படத்துல மூணு நிலை பக்கத்துப் பக்கத்துல இருக்கும்: சும்மா இருக்கும்போது, மவுஸ் மேல வரும்போது, அமுக்கும்போது. சில படங்களோட ஓரத்துல ரோஸ் கலர் கோடு இருக்கும். திரையில அது தெரியாது. எந்தப் பகுதி இழுபடலாம், எது கூடாதுன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்ற அடையாளம் அது. அதை அழிச்சுட்டு அரை நாள் முழிச்ச அனுபவம் எங்களுக்கு உண்டு!

அடுத்து, என்ன நிறம் போடறது? இங்கதான் நம்ம இன்ஜினீயரிங் மூளை வேலை செஞ்சது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைஞ்சது 4.5-க்கு 1 இருக்கணும்னு வெப் டிசைன்ல ஒரு வழிகாட்டி உண்டு. கறுப்பு மேல வெள்ளைன்னா 21. அந்த 'செம ஸ்டைலு' தீமோட கருஞ்சிவப்பைக் கணக்குப் போட்டா 2 சொச்சம்தான்! நல்ல கண்ணு இருக்கிற எனக்கே அது கம்மி. ஜப்பானின் ஒகாபே, இடோங்கிற ரெண்டு பேர், நிறக்குறைபாடு உள்ளவங்களுக்கும் பிரிஞ்சு தெரியற மாதிரி எட்டு நிறத்தைத் தேர்ந்தெடுத்து வெச்சிருக்காங்க. அதுல இருந்து மீட்டருக்கு வான நீலம், கிளிப் விளக்குக்கு ஆரஞ்சு. கறுப்பு மேல அந்த ஆரஞ்சு 9-ஐத் தாண்டுது. ரெக்கார்ட் பட்டனுக்கு நிறத்தை மட்டும் நம்பாம, ஆன் ஆனா சுத்தி வெள்ளை வளையம் வர்ற மாதிரி வரைஞ்சோம்.

நைனா எடுத்த க்ளாஸ்

ரெண்டு ராத்திரி முழிச்சு முடிச்சதை அவன் அப்பாகிட்ட காட்டினான். கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தவர், "ராத்திரி ட்யூப்லைட்டுல பார்த்த ஷேடை நம்பாதப்பா. காலையில வாசல்ல வெச்சுப் பாரு" என்றார். டேனரியில ஒரு லைட்டுல ஒண்ணா இருக்கிற ரெண்டு தோல், வெயிலுக்கு வந்தா தனித்தனியாத் தெரியுமாம். காலையில வாசல்ல வெச்சா... சாம்பல் எழுத்து மொத்தமும் மாயம்! திருவிழாத் திடல்ல பகல்ல ரெக்கார்ட் பண்றவனுக்கு அது உதவுமா? அதனால வெளியிடத்துக்கு வெளிர் தீம், ராத்திரி மிக்ஸிங்குக்கு இருட்டு தீம்னு ரெண்டா பிரிச்சோம்.

"ஷேடு பார்க்கறதுக்கு என் பையன் வரலியேன்னு இருந்துச்சு. இப்ப அவனுக்கு நான் பார்க்கறேன்" என்று சிரிச்சார் நைனா. நம்ம ஆள் லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

உங்க சாஃப்ட்வேர்ல எப்படி?

* எஃப்.எல். ஸ்டுடியோ: 2022 டிசம்பரில் வந்த 21-ஆம் பதிப்பில் இருந்து தீம் வசதி இருக்கு. சாயல், அடர்த்தி, வெளிச்சம் எல்லாம் இழுத்து வெச்சுக்கலாம்.

* ஏபிள்டன் லைவ்: 2024-ல் வந்த 12-ல் இருட்டு, வெளிர் தீம்களோட 'ஹை கான்ட்ராஸ்ட்' வசதியும் உண்டு. திரையைப் படிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடருக்கும் ஆதரவு வந்தாச்சு.

* ஆடாசிட்டி: இலவசம். 2017-ல் வந்த 2.2 பதிப்புலேயே லைட், டார்க், ஹை கான்ட்ராஸ்ட் தீம்கள் வந்தாச்சு.

* எல்.எம்.எம்.எஸ்.: இதுவும் இலவசம். தீம் ஃபைல் சி.எஸ்.எஸ். பாணியில எழுதினது. வெப் பேஜ் பண்ணத் தெரிஞ்சவங்க பூந்து விளையாடலாம்.

எதுவா இருந்தாலும் ஒரு ஈஸி டெஸ்ட் சொல்றேன்: ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. எந்த ட்ராக் ரெக்கார்ட் ஆகுது, எது மியூட்னு அப்பவும் தெரிஞ்சா உங்க தீம் பாஸ்!

உஷார் மக்களே!

தீம் மாத்துறது ஒரு போதை. ஒரு மாசம் நாங்க பட்டன் பட்டனா இழைச்சதுல பாட்டு ஒரு வரிகூட நகரலை. கல்ச்சுரல்ஸ் வந்துச்சு, போச்சு... பாட்டு மேடை ஏறலை. அதுக்கப்புறம் எங்களுக்குள்ள ஒரு சட்டம்: வேலை செய்யும்போது கண்ணு எங்கயாவது தடுமாறினா மட்டும் தீமைத் தொடலாம். 'இன்னும் அழகா இருக்கலாமே'ன்னு தோணினா லேப்டாப்பை மூடிட்டு டீக்கடைக்குப் போயிடணும். அடுத்தவங்க செஞ்ச தீமை மாத்தி வெளியில கொடுக்கிறதா இருந்தா அவங்ககிட்ட பர்மிஷன் கேளுங்க. அவங்களும் நம்மள மாதிரி ராத்திரி முழிச்சவங்கதான்.

இந்த வருஷ ஆடியில அதே பம்பை செட்டு திரும்ப வந்தது. பெரியவர் எங்களை ஞாபகம் வெச்சிருந்தார். "போன தபா எடுத்தது என்னாச்சு தம்பி?"ன்னு கேட்டார். நம்ம ஆள் மறைக்காம, "என் தப்பு ஐயா, கெட்டுப்போச்சு" என்றான். அவர் ஒண்ணும் சொல்லலை. பம்பையை எடுத்து மாட்டிக்கிட்டார்.

பகல் மூணு மணி வெயில். வெளிர் தீம். பெரியவர் ஓங்கி அடிக்கிற அடிக்கும் கூரைக்கும் நடுவுல 12 டெசிபல் இடம். நான் பின்னாடி நின்னு எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீலம் ஏறி ஏறி இறங்குச்சு. ஆரஞ்சு ஒரு தடவைகூட எரியலை.

அதை அவனே பார்த்துச் சொன்னான், எங்கிட்ட கேக்கலை!