லடாக்கில் வானம் சிவந்தது, காரமடையில் தெரியுமா? ஊட்டி மலையில் விழித்திருக்கும் கருவிகள்!

காரமடை:

சூரியனில் புயல் என்று செய்தி வந்தால் போதும். "இன்னைக்கு ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் வடக்கே பார்க்கலாமா?" என்று பலருக்கும் ஆசை வந்துவிடுகிறது.

ஆசைக்குக் காரணம் உண்டு. 2024-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி பூமியைத் தாக்கிய சூரியப் புயல் லேசுப்பட்டது அல்ல. 2003-க்குப் பிறகு இவ்வளவு பெரிய புயல் வந்ததில்லை. நார்வே, கனடா போன்ற நாடுகளில் தெரியும் வண்ண ஒளியின் சாயல், அன்று இரவு லடாக் வரை தெரிந்தது. ஹான்லே கிராமத்தில் உள்ள வானாய்வுக் கூடத்தின் காமிராக்கள், வானம் ரத்தச் சிவப்பாக இருந்ததைப் படம் பிடித்தன.

தெரியாதுங்க!

லடாக்கில் தெரிந்தது காரமடையில் தெரியாதா?

தெரியாதுங்க. சூரியனில் இருந்து பாய்ந்து வரும் மின்துகள்களை, பூமியின் காந்த சக்தி துருவங்களின் பக்கம் திருப்பி விட்டுவிடுகிறது. அங்கே 100 கிலோ மீட்டருக்கு மேல் உள்ள காற்றில் மோதும்போதுதான் வானம் பச்சையாக, சிவப்பாக ஜொலிக்கிறது. நம்ம காரமடையோ பூமத்திய ரேகையில் இருந்து 11 டிகிரிதான். காந்த நடுக்கோடு திருநெல்வேலிச் சீமைப் பக்கம் போகிறது. அரங்கநாதர் தேரை ஊர் எல்லையில் நின்று பார்க்க ஆசைப்படுவது போலத்தான் இது. தேர் அந்தப் பக்கமே வராது.

இந்தியாவில் ஒரு முறை தெற்கே வெகுதூரம் தெரிந்தது உண்மை. 1872-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி பம்பாயில் வானம் சிவந்தது. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே தந்தி பல மணி நேரம் முடங்கியது.

கோடைக்காலத்தில் நீலகிரிச் சரிவில் இரவு சிவப்பாகத் தெரிந்தால் அது காட்டுத் தீயாக இருக்கலாம். போட்டோ எடுத்து முடித்த கையோடு வனத்துறைக்கு ஒரு போன் போடுவது நல்லது.

2 மணி நேரம் விரிசல்

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சூரியப் புயலைப் பிடிக்கும் கருவிகள் நமக்கு எதிரே நிற்கும் அதே மலை மீதுதான் இருக்கின்றன. இது பலருக்குத் தெரியாத சங்கதி.

ஊட்டியில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக் கூடம் உள்ளது. விண்வெளியில் இருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி உண்டாகும் 'மியூவான்' என்ற துகள்களை அங்கே இரவு பகலாக எண்ணுகிறார்கள். 2015-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி அந்த எண்ணிக்கை திடீரென்று எகிறியது. 2 மணி நேரம் நீடித்தது. மணிக்கு சுமார் 25 லட்சம் கிலோ மீட்டர் வேகத்தில் வந்த சூரியப் புயல் பூமியின் காந்தக் கவசத்தை அமுக்கியதால், வழக்கமாகத் தடுக்கப்படும் கதிர்கள் உள்ளே புகுந்துவிட்டன என்று விஞ்ஞானிகள் 2016-ல் அறிவித்தனர்.

அதே ஊட்டியில் முத்தோரையில் ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அமைத்த இது, 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது. சமதளம் தேடாமல், 11 டிகிரி சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அந்த இடம் பூமத்திய ரேகையில் இருந்து 11 டிகிரி என்பதால், சரிவில் நின்றால் கருவி பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். பலே மூளை! சூரியக் காற்றின் வேகத்தையும் இதில் அளக்க முடியும்.

கரண்ட் போகும்

வேடிக்கை பார்ப்பதற்கா இத்தனை செலவு? அல்ல.

1989-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி சூரியப் புயல் தாக்கி கனடாவின் கியூபெக் மாநிலமே இருண்டது. 60 லட்சம் பேர் 9 மணி நேரம் கரண்ட் இல்லாமல் தவித்தனர். 2024 மே புயலில் அமெரிக்க விவசாயிகளின் டிராக்டர்களில் ஜி.பி.எஸ். தடுமாறி, விதைப்பு வேலை பல இடங்களில் நின்றது. விசைத்தறியும் மோட்டாரும் ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கோட்டுக்கு அருகே ஆபத்து குறைவு என்பது ஒரு ஆறுதல்.

சூரியனைக் கண்காணிக்க இந்தியா 2023 செப்டம்பர் 2-ல் ஆதித்யா எல்-1 விண்கலத்தை அனுப்பியது. திட்ட இயக்குனர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் அது நிற்கிறது. சூரியனில் கிளம்பும் புயல் பூமிக்கு வர ஒன்று முதல் 3 நாள் ஆகும். ஆனால் அதன் பலம் எவ்வளவு என்பது விண்கலம் இருக்கும் இடத்தைத் தாண்டும்போதுதான் சரியாகத் தெரியும். அதன் பிறகு கிடைக்கும் அவகாசம், அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம்!