ஹெவி மெட்டல் இசையும் கல்ட் திகில் படங்களும்

ஹெவி மெட்டல் என்பது 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் புளூஸ், ராக் இசைகளிலிருந்து பிரிந்து வளர்ந்த இசை வகை. ஒலியைச் சிதைத்துத் தடிக்கச் செய்த மின்கிதார், கனமான டிரம்ஸ், உரத்த குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். கல்ட் திகில் படம் என்பது வெளியான நாளில் விமர்சகர்களால் ஒதுக்கப்பட்டு, அல்லது கவனிக்கப்படாமலே போய், பிறகு நள்ளிரவுக் காட்சிகள், வீடியோ கேசட்டுகள் வழியாகத் தனக்கென ஒரு விடாப்பிடியான ரசிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட படம். இரண்டையும் விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். மண்டையோடு, கல்லறை, தலைகீழ்ச் சிலுவை என்று இரு தரப்பும் ஒரே படங்களைச் சட்டையில் அச்சடித்துக்கொள்வதால் மட்டும் வந்த உறவல்ல இது. காசு கொடுத்துப் பயப்பட வருகிறவருக்கு எப்படிப் பயம் காட்டுவது என்ற வித்தையை மெட்டல் திரைப்படத்திடம்தான் கற்றுக்கொண்டது. இரண்டும் சேரும்போது எது எடுபடுகிறது, எது சொதப்புகிறது என்பதில் இரண்டுக்கும் ரசிகனான இக்கட்டுரையாளருக்குத் திட்டமான கருத்துகள் உண்டு. அவை தகவல்களோடு கலந்தே வரும்.

பெயர் வந்த கதை

பர்மிங்காம் இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரம். அங்கே ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த டோனி அயோமி, ஓசி ஆஸ்போர்ன், கீசர் பட்லர், பில் வார்டு என்ற நான்கு இளைஞர்கள் 1968இல் ஒரு புளூஸ் குழுவைத் தொடங்கினார்கள். குழுவுக்கு 'எர்த்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதே பெயரில் வேறொரு குழுவும் இருந்ததால் 1969இல் பெயரை மாற்ற வேண்டி வந்தது. அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு திரையரங்கு. அங்கே பேய்ப்படத்துக்கு மக்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து, பயப்படுவதற்கு இவ்வளவு பேர் காசு கொடுக்கிறார்களே, பயமுறுத்தும் இசையை நாம் ஏன் செய்யக் கூடாது என்று பேசிக்கொண்டதாகக் குழுவினர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 'பிளாக் சாபத்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அது மாரியோ பாவா என்ற இத்தாலிய இயக்குநர் 1963இல் எடுத்த படம். தனித்தனியான மூன்று கதைகள். ஒன்றில் போரிஸ் கார்லாஃப் நடித்திருக்கிறார். இத்தாலிய மொழியில் அதன் பெயர் 'பயத்தின் மூன்று முகங்கள்'. 'பிளாக் சாபத்' என்பது ஆங்கிலச் சந்தைக்காக அமெரிக்க விநியோக நிறுவனம் ஒட்டிய பெயர். மெட்டல் இசையின் முதல் குழு என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் குழு, ஒரு விளம்பரப் பெயரிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது என்பதை ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த மூன்று கதைகளில் 'நீர்த்துளி' என்பதை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும். இறந்துபோன ஒரு மூதாட்டியின் விரலிலிருந்து மோதிரத்தைத் திருடிக்கொண்டு வீடு திரும்புகிறாள் ஒரு தாதி. இரவெல்லாம் எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. குழாயை மூடினாலும் நிற்பதில்லை. கதையில் பயத்தைச் சுமப்பது அந்தச் சொட்டும் சத்தம்தான்.

மழை, மணி, மூன்று சுவரங்கள்

பிளாக் சாபத்தின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. மேலைநாட்டினர் அபசகுனமாக நினைக்கும் வெள்ளிக்கிழமை பதின்மூன்றாம் தேதி அது. குழுவின் பெயரையே கொண்ட முதல் பாடல் மழைச் சத்தத்தோடு தொடங்குகிறது. தொலைவில் தேவாலய மணி, பிறகு இடி. திரைப்படத்தின் முதல் காட்சியைப் போலவே இடத்தையும் நேரத்தையும் நிறுவிவிட்டுத்தான் கிதார் உள்ளே வருகிறது.

அந்தக் கிதார் வாசிப்பதோ மூன்றே சுவரங்கள். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: கீழ் சட்ஜமம், மேல் சட்ஜமம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். சட்ஜமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள ஆறு அரைச்சுர இடைவெளியை மேலை இசையில் 'டிரைடோன்' என்பார்கள். 'இசையில் சாத்தான்' என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. இடைக்காலத் தேவாலயம் இந்த இடைவெளியைத் தடைசெய்திருந்தது என்று மெட்டல் ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அப்படி ஒரு தடைக்கு ஆதாரம் கிடையாது. பாடுவதற்குக் கடினம், காதுக்கு உறுத்தல் என்று தவிர்த்தார்கள், அவ்வளவுதான்.

அந்த இடைவெளியிலேயே பயம் குடியிருக்கிறது என்றால் நம் பாடு திண்டாட்டம்தான். மேளகர்த்தா ராகங்கள் 72இல் பாதி, அதாவது 37 முதல் 72 வரை, பிரதி மத்திம ராகங்கள். கல்யாணியைக் கேட்டு யாரும் நடுங்குவதில்லை. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தில் வாசிக்கிறார்கள். கல்யாணியில் அந்த மத்திமத்துக்குப் பஞ்சமம் பக்கத்திலேயே இருக்கிறது, காந்தாரமும் நிஷாதமும் துணைக்கு இருக்கின்றன. அயோமியின் கிதாரில் துணைக்கு ஒருவரும் இல்லை. மிக மெதுவான காலப்பிரமாணத்தில் மத்திமத்துக்கு வந்து, அங்கேயே நின்று, அதை நடுங்கவிட்டுவிட்டு, பஞ்சமத்துக்குப் போகாமல் மறுபடி முதலுக்கே திரும்புகிறது. முடிவு வராத காத்திருப்புதான் பயம் காட்டுகிறது. நீர்த்துளிக் கதையின் உத்தியும் இதுவே: அடுத்த சொட்டு எப்போது என்று தெரியாது. (குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1914இல் எழுதிய 'செவ்வாய்' என்ற வாத்தியவிருந்தைப் பட்லர் வாசித்துப் பழகியதிலிருந்துதான் இந்த மெட்டு பிறந்தது என்பது குழுவினர் சொல்லும் விவரம். அதிலும் இதே இடைவெளி உண்டு.)

அயோமியின் கைவிரல்களையும் இங்கே சொல்ல வேண்டும். 17 வயதில் தகடு அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் சிக்கி, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தும் விரல்கள் அவை. பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பயன்படுத்தினார். 1971இல் வந்த மூன்றாம் இசைத்தட்டில் சில பாடல்களுக்குத் தந்திகளின் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தளர்ந்த தந்தியை அழுத்துவது எளிது. சுருதி இறங்கியதும் ஒலி இருண்டது. பின்வந்த எத்தனையோ குழுக்கள் விரல்கள் முழுசாக இருந்தும் சுருதியை இறக்கின.

இத்தாலியில் நடந்தது

இசை படத்திடமிருந்து வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்த இடமும் இத்தாலிதான். டாரியோ அர்ஜென்டோவின் 'சஸ்பீரியா' 1977இல் வந்தது. ஜெர்மனியில் ஒரு நடனப் பள்ளி, அதை நடத்துவது சூனியக்காரிகள் என்பது கதை. இசை 'காப்ளின்' என்ற இத்தாலிய ராக் குழு. குழந்தைகளின் தாலாட்டு போல ஒரு சின்ன மெட்டு, அதன்மேல் தபலா, பூசூக்கி, மூச்சுவிடுவது போல ஒரு கரகரத்த குரல். அர்ஜென்டோ படப்பிடிப்புத் தளத்திலேயே இசையை உரக்க ஒலிக்கவிட்டு நடிகர்களைப் பதறவைத்தார் என்பது பிரபலம். காப்ளின் மெட்டல் குழு அல்ல. ஆனால் மெட்டல் ரசிகரிடம் பிடித்த திகில் படம் எது என்று கேட்டால் 'சஸ்பீரியா' முதல் ஐந்தில் வந்துவிடும். அதில் இசை காட்சிக்குப் பின்னணியாக ஒதுங்கி இருப்பதில்லை. காட்சியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வருகிறது.

எட்டு ஆண்டு கழித்து அதே அர்ஜென்டோ 'ஃபினாமினா' எடுத்தார். பூச்சிகளோடு மனத்தால் பேசக்கூடிய பள்ளி மாணவியாக ஜெனிஃபர் கானலி. அழகான, கிறுக்குத்தனமான படம். இதில் அயர்ன் மெய்டன், மோட்டர்ஹெட் பாடல்களை எடுத்து ஒட்டியிருக்கிறார். இறந்தவர் உடலை எடுத்துச்செல்லும் காட்சியில் மோட்டர்ஹெட்டின் ரயில்வேகப் பாட்டு காதைப் பிளக்கிறது. இரண்டு குழுவும் எனக்குப் பிடித்தவை. ஆனாலும் அந்த இடத்தில் துக்கமும் இல்லை, பயமும் இல்லை. பக்கத்து வீட்டு வானொலி நடுவில் புகுந்தது போலத்தான் இருக்கிறது. நல்ல பாட்டு, நல்ல காட்சி, இரண்டையும் கூட்டினால் பூஜ்யம்.

ஆனால் அதே 1985இல் அர்ஜென்டோ தயாரித்த 'டெமன்ஸ்' படத்தில் இதே ஒட்டுவேலை பிரமாதமாக எடுபட்டது. இயக்குநர் லாம்பெர்டோ பாவா, மாரியோ பாவாவின் மகன். தந்தையின் படம் குழுவுக்குப் பெயர் தந்தது. 22 ஆண்டு கழித்து மகன் படத்தில் அந்த இசை உள்ளே வந்தது. மேற்கு பெர்லினில் ஒரு திரையரங்கில் பேய்ப்படம் பார்க்க வந்தவர்கள், திரையில் நடப்பது போலவே ஒவ்வொருவராகப் பேயாக மாறுகிறார்கள். ஓர் இளைஞன் முகப்பறையில் காட்சிக்கு வைத்திருந்த மோட்டார் சைக்கிளில் ஏறி, கையில் சாமுராய் வாளோடு இருக்கைகளுக்கு மேலே ஓட்டிப் பேய்களை வெட்டித் தள்ளுகிறான். பின்னால் ஜெர்மானியக் குழுவான ஆக்செப்டின் அதிவேகப் பாட்டு. இந்தப் படத்துக்குத் துக்கமும் வேண்டாம், நம்பகமும் வேண்டாம். பாட்டின் வேகமும் காட்சியின் அபத்தமும் ஒரே அளவில் இருக்கின்றன. அதனால்தான் ஒத்துப்போகின்றன.

அமெரிக்கப் படங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1986இல் 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' ஆறாம் பாகத்துக்கு ஆலிஸ் கூப்பர் பாடினார், 1987இல் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' மூன்றாம் பாகத்துக்கு டாக்கன் குழு பாடியது. இரண்டும் நல்ல விளம்பரங்கள். 1986இல் வந்த 'டிரிக் ஆர் டிரீட்' படம் சுமார்தான், ஆனால் ஒரு வேடிக்கைக்காகப் பார்க்கலாம். இறந்துபோன மெட்டல் பாடகர் தலைகீழாகச் சுழலும் இசைத்தட்டு வழியாக உயிர்த்தெழுகிறார். மெட்டல் இசை சாத்தானின் வேலை என்று தொலைக்காட்சியில் கண்டிக்கும் மதபோதகராக நடித்திருப்பவர் ஓசி ஆஸ்போர்ன்.

நீதிமன்றத்தில்

அந்த வேடிக்கைக்குப் பின்னால் வேடிக்கையல்லாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் வீடியோ கேசட் திகில் படங்களுக்கு எதிராகப் பத்திரிகைகள் கூச்சலிட்டு, 1984இல் வீடியோ பதிவுச் சட்டம் வந்தது. வழக்குக்கு உள்ளான படங்களின் பட்டியலில் பாவா, அர்ஜென்டோ இருவர் படங்களும் இருந்தன. அமெரிக்காவில் 1985 செப்டம்பரில் பாடல் வரிகள் பற்றி செனட் குழு விசாரணை நடத்தியது. டுவிஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடர் அங்கே போய் வாதாடினார். இசைத்தட்டுகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை ஒட்டும் வழக்கம் அதன் விளைவு. 1990இல் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் மேல் நெவாடா மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்தது. இரண்டு இளைஞர்கள் தங்களைச் சுட்டுக்கொண்டதற்கு, ஒரு பாட்டில் மறைந்திருந்த ரகசியச் சொற்களே காரணம் என்பது குற்றச்சாட்டு. பாடகர் ராப் ஹால்ஃபர்ட் தன் பாடல்களைத் தலைகீழாக ஓடவிட்டு, தேடினால் எந்த அபத்த வாக்கியமும் கேட்கும் என்று நீதிமன்றத்திலேயே காட்டினார். வழக்கு தள்ளுபடியானது.

அர்கன்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸில் நடந்தது இவ்வளவு சுலபமாக முடியவில்லை. 1993இல் அங்கே மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். மூன்று பதின்வயது இளைஞர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவன் நீண்ட விசாரணைக்குப் பின் கொடுத்து, பிறகு மறுத்த வாக்குமூலத்தைத் தவிர வலுவான சாட்சியம் இல்லை. சாத்தான் வழிபாட்டுக் கொலை என்று வாதிட்ட அரசுத் தரப்பு, கறுப்புச் சட்டை, மெட்டாலிக்கா, ஸ்டீபன் கிங் நாவல்கள் ஆகியவற்றை நடுவர்கள் முன் அடுக்கியது. 1994இல் இருவருக்கு ஆயுள் தண்டனை, ஒருவருக்கு மரண தண்டனை. இந்த வழக்கைப் பற்றி ஜோ பெர்லிஞ்சர், புரூஸ் சினோஃப்ஸ்கி இருவரும் எடுத்த 'பாரடைஸ் லாஸ்ட்' ஆவணப்படம் 1996இல் வெளியானது. அதுவரை தன் இசையை எந்தத் திரைப்படத்துக்கும் கொடுக்காத மெட்டாலிக்கா இதற்குக் கொடுத்தது. 2007இல் வெளியான மரபணுச் சோதனை முடிவுகள் எதுவும் அந்த மூவரோடு பொருந்தவில்லை. 2011 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார்கள், அதுவும் நிரபராதிகள் என்ற தீர்ப்போடு அல்ல. நாங்கள் செய்யவில்லை, ஆனால் தண்டிக்கப் போதிய சாட்சியம் அரசிடம் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் விநோதமான சட்ட ஏற்பாட்டின்படி. பதினெட்டு ஆண்டுகள் போய்விட்டன. பிளாக் சாபத்தின் அந்த முதல் பாட்டைக் கவனமாகக் கேட்டவருக்கு, பாடுகிறவன் சாத்தானைக் கும்பிடவில்லை, கண்டு அலறி ஓடுகிறான் என்பது தெரியும். நடுவர்களுக்கு அதைப் போட்டுக் காட்ட யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

ரசிகர்களே இயக்குநர்களானபோது

வீடியோ கேசட்டில் பேய்ப்படம் பார்த்து வளர்ந்த தலைமுறை பிறகு தானே படம் எடுக்க வந்தது. ராப் ஸோம்பி தன் குழுவுக்கு 'ஒயிட் ஸோம்பி' என்று, பேலா லுகோசி நடித்த 1932ஆம் ஆண்டுப் படத்தின் பெயரை வைத்தவர். அவர் இயக்கிய முதல் படம் 'ஹவுஸ் ஆஃப் 1000 கார்ப்சஸ்'. தயாரித்த ஸ்டூடியோ வெளியிட மறுத்து, வேறு நிறுவனம் மூலம் 2003இல் வந்தது. பிடித்த படங்களையெல்லாம் ஒரே பானையில் போட்டுக் கிளறிய படம் அது. இரண்டாவது படமான 'தி டெவில்ஸ் ரிஜெக்ட்ஸ்', 2005, அவர் எடுத்ததிலேயே சிறந்தது.

ஆனால் மெட்டல் ரசிகர்களுக்கென்றே வந்த படம் எது என்று கேட்டால் பானோஸ் காஸ்மடோஸின் 'மேண்டி'யைத்தான் சொல்வேன். 2018இல் வெளிவந்தது, கதை நடப்பது 1983இல். நாயகி பிளாக் சாபத் சட்டை அணிந்து கற்பனைக் கதைகள் படிக்கிறாள். ஒரு மதக்கும்பல் அவளைக் கொன்றுவிட, கணவன் நிக்கோலஸ் கேஜ் தானே கோடரி வார்த்துக்கொண்டு பழிவாங்கப் போகிறான். பிரபல மெட்டல் குழு எதன் பாட்டும் இதில் ஒட்டப்படவில்லை. ஐஸ்லாந்து இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சன், அந்த ஆண்டு பிப்ரவரியில் காலமாகுமுன் செய்த கடைசி வேலைகளில் ஒன்று இதன் இசை. சன் குழுவின் ஸ்டீபன் ஓமேலி அதில் கிதார் வாசித்திருக்கிறார்: இறக்கிய சுருதியில், முடிவுக்கு வராமல் நிமிடக் கணக்கில் இழுபடும் ஒரே ஒலி. கைப்பேசியில் பார்த்தால் பாதிப் படம் காணாமல் போய்விடும். கீழ்ச்சுருதி கேட்கும் ஹெட்ஃபோன் வேண்டும்.