இருளில் காத்திருக்கும் செந்நிறம்

மஃரிபு தொழுகையை முடித்துவிட்டு, முத்தியால்பேட்டையின் வெளிச்சம் மிகுந்த கடைத்தெருவிலிருந்து விளக்கணைந்த ஒரு சந்துக்குள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றும் தெரிவதில்லை. சற்றுப் பொறுத்தால் திண்ணை தெரிகிறது. பிறகு அதன்மேல் படுத்திருக்கும் பூனையும் தெரிகிறது. கண்மணி விரிவதுதான் காரணம் என்று பலர் எண்ணுவர். கண்மணி விரியச் சில நொடிகளே போதும். கண் இருளுக்கு முழுமையாகப் பழகவோ அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி எதற்கு?

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாகக் கிரேக்க அறிஞர் சிலர் கூறிவந்ததை, 965-இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில் நிறுவினார். புகுந்த ஒளி அங்கே என்ன செய்கிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 1876-இல் ஃபிரான்ஸ் போல் என்னும் ஜெர்மானியர், இருளில் வைத்திருந்த தவளையின் விழித்திரை சிவந்திருப்பதையும், வெளிச்சத்தில் அச்சிவப்பு வெளிறுவதையும் கண்டார். அச்செந்நிறப் பொருளே ரோடாப்சின்.

மங்கிய ஒளிக்கென விழித்திரையில் கோல்வடிவ உயிரணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகள் நாணயங்களைப்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் சவ்வில் பதிந்திருப்பது இப்புரதம். 348 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சரம் சவ்வை ஏழுமுறை ஊடுருவிச் செல்கிறது. ஏழு சுருள்களுக்கும் நடுவே, 296-ஆம் கண்ணியில், வைட்டமின் 'ஏ'யிலிருந்து உண்டான ரெட்டினால் வளைந்த நிலையில் பிணைந்துள்ளது. இருளில் புரதத்தைப் பூட்டி வைத்திருப்பது அதுவே.

ஓர் ஒளித்துகள் பட்டதும் அவ்வளைவு நிமிர்கிறது. நொடியை இலட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட ஆவதில்லை! அது உள்ளிருந்து நெருக்க, ஆறாம் சுருள் வெளிப்புறம் விலகி, டிரான்ஸ்டூசின் என்னும் மற்றொரு புரதம் வந்து பொருந்த இடம் தருகிறது. விழித்தெழுந்த ஒரு ரோடாப்சின் இவ்வாறு பல டிரான்ஸ்டூசின்களை எழுப்ப, இறுதியில் உயிரணுவுக்குள் சோடியம் நுழையும் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. விந்தை இதில்தான் இருக்கிறது. இருளில் ஓயாது பேசிக்கொண்டிருந்த உயிரணு, ஒளி கண்டதும் அடங்குகிறது. அந்த அடக்கமே அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி.

நிமிர்ந்த ரெட்டினால் பின்னர் கழன்றுவிடும். வளைந்த புதியதொன்று வந்து பொருந்தும்வரை அப்புரதம் மங்கிய ஒளியை உணராது. சந்தில் நாம் காத்துநின்றது இதற்கே. ஈரலில் வைட்டமின் 'ஏ' இருப்பு வற்றிவிட்டால் காத்திருந்தும் பயனில்லை. அதுவே மாலைக்கண்.

குழந்தைகளுக்கு அது அத்துடன் நிற்பதில்லை. கண் உலர்ந்து, கருவிழி குழைந்து, பார்வை மீளாமலே போய்விடலாம். சேலத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் சி. கோபாலன் தலைமையில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நடத்திய ஆய்வுகளையொட்டி, ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கொருமுறை 2 இலட்சம் அலகு வைட்டமின் 'ஏ' புகட்டும் திட்டம் 1970-இல் நாட்டில் தொடங்கிற்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை சுவரைத் தடவி நடந்தால், கவனமில்லை என்று அதட்டிவிடுகிறோம். அதட்டுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். முருங்கைக்கீரையும் மாம்பழமும் பப்பாளியும் இச்சத்தைத் தருவன. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டு வதக்கினால் உடலில் நன்கு சேரும். மருந்தின் அளவை மட்டும் மருத்துவரே குறிக்க வேண்டும், மிகுந்தால் அதுவே நஞ்சு. உரிய அளவு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டொரு நாளிலேயே, குழந்தை அந்தி இருட்டில் தண்ணீர்க் குடத்தைத் தானே தேடிச் செல்லும்.