அரசாங்கச் சிக்கனமும் வேலையில்லாத் திண்டாட்டமும்

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. வரவுக்குத் தக்கபடி செலவைச் சுருக்குபவன் கடனுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. வரவு குறைந்த பின்னும் செலவைக் குறைக்காதவனது குடும்பம் நிலைகுலையும். இதனை மறுப்பார் எவருமிலர். ஆனால், குடும்பத்துக்குப் பொருந்தும் இந்த நீதி அரசாங்கத்துக்கும் அப்படியே பொருந்துமா? வரி வருமானம் குன்றி, வேலையற்றோர் தொகை பெருகிவரும் காலத்தில், அரசாங்கமும் தன் செலவைச் சுருக்குவது அறிவுடைமையாகுமா? தொழிலாளரின் கூலியைக் குறைத்தால் வேலை பெருகுமா, அருகுமா? மாணவர்கள் தங்கள் சொற்போர் மன்றங்களில் எடுத்துக்கொள்ளத்தக்க வினாக்கள் இவை.

இவற்றை வெறும் ஏட்டளவில் ஆராய்வதைவிட, ஒரு நாடு தன் வாழ்விலேயே இவற்றைச் சோதித்துப் பார்க்க நேர்ந்த ஒரு காலத்தை முன்னிறுத்தி ஆராய்வது நலம். 1931-ஆம் ஆண்டின் பிரிட்டனே அச்சோதனைக் களம்.

முதலில் அதற்கு முந்திய நிலையைச் சிறிது காண்போம். முதல் உலகப் போரின்போது பிரிட்டன் தன் பவுன் நாணயத்துக்கும் பொன்னுக்கும் இருந்த கட்டைத் தளர்த்திவிட்டது. 1925-இல் நிதி மந்திரியாயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில், போருக்கு முன்னிருந்த பழைய மதிப்பிலேயே, அதாவது ஒரு பவுனுக்கு 4.86 டாலர் என்ற வீதத்திலேயே, பவுனை மீண்டும் பொன்னோடு பிணைத்தார். அம்மதிப்பு அன்றைய நிலைக்கு மிகையானது. ஆதலின், பிரிட்டனின் நிலக்கரியும் துணியும் அயல்நாட்டுச் சந்தையில் விலை உயர்ந்து தோன்றின. விலையைக் குறைக்க வேண்டுமாயின் கூலியைக் குறைக்க வேண்டும் என்றனர் சுரங்க முதலாளிகள். சுரங்கத் தொழிலாளர் மறுத்தனர். 1926 மே மாதத்தில் அவர்களுக்குத் துணையாக மற்றத் தொழிலாளரும் ஒன்பது நாள் பொது வேலைநிறுத்தம் செய்தனர். ஜான் மேனார்டு கெயின்ஸ் என்ற பொருளியலறிஞர் இவ்விளைவை முன்னரே கண்டு, 1925-இலேயே ஒரு சிறு நூல் எழுதிக் கண்டித்திருந்தார்.

1929 அக்டோபரில் நியூயார்க்குப் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து உலகெங்கும் வாணிகம் சுருங்கிற்று. பிரிட்டனில் 1929-இல் ஏறத்தாழ 12 லட்சமாயிருந்த வேலையற்றோர் தொகை, 1930 இறுதிக்குள் 25 லட்சத்தையும் தாண்டியது. வேலையற்றோருக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவித்தொகைச் செலவு ஒருபுறம் ஏற, வரி வருமானம் மறுபுறம் இறங்கியது. அப்பொழுது ஆட்சியிலிருந்தது ராம்சே மக்டோனால்டைத் தலைவராகக் கொண்ட தொழிற்கட்சி. செலவைச் சுருக்கும் வழிகளை ஆராய சர் ஜார்ஜ் மே என்பாரின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1931 ஜூலை 31-ஆம் நாள் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. 12 கோடி பவுன் துண்டு விழும் என்று அது கணித்தது. ஏறத்தாழ 9 கோடியே 60 லட்சம் பவுன் செலவைக் குறைக்க வேண்டும் என்றது. அக்குறைப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வேலையற்றோர் உதவியிலிருந்தே வரவேண்டியதாயிற்று. குழுவிலிருந்த தொழிலாளர் சார்பினர் இருவர் இதற்கு மாறுபட்டனர்.

அறிக்கையைக் கண்ட அயல்நாட்டார் அச்சமுற்றுத் தங்கள் பவுனைக் கொடுத்துப் பொன்னை எடுக்கத் தொடங்கினர். பொன் இருப்பைக் காக்கக் கடன் வேண்டும். கடன் கிடைக்க வேண்டுமாயின் சிக்கனம் காட்ட வேண்டும். உதவித்தொகையில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைப்பதா என்ற ஒரே கேள்வியில் மந்திரி சபை பிளந்தது. ஆகஸ்டு 23-ஆம் நாள் பதினொருவர் ஒருபுறமும் ஒன்பதின்மர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். மறுநாளே அம்மந்திரி சபை மறைந்து, எல்லாக் கட்சியினரும் சேர்ந்த 'தேசிய அரசாங்கம்' என்பது மக்டோனால்டின் தலைமையிலேயே தோன்றியது. தம் கட்சியைச் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் அவரை விட்டு விலகினர்.

ஒரு மந்திரி சபையை வீழ்த்திய அந்தப் பத்து வீதம் எத்துணை? வேலையற்ற ஓர் ஆடவன் வாரந்தோறும் பெற்றுவந்த 17 ஷில்லிங், 15 ஷில்லிங் 3 பென்னியாகக் குறைந்தது, அவ்வளவே. ஆயினும், ரொட்டிக்கும் வாடகைக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டில் ஒன்றே முக்கால் ஷில்லிங் சிறிய தொகையன்று. இக்கேள்வியில் ஒருபுறம் ஒரு நாட்டின் நாணய மதிப்பும், மறுபுறம் ஓர் ஏழை வீட்டின் அடுப்பும் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இருதரப்பு வாதங்களையும் நடுநிலையோடு கேட்போம்.

சிக்கனத்தை ஆதரித்தோர் அறிவிலிகளும் அல்லர்; இரக்கமற்றோரும் அல்லர். அவர்கள் கூறியது இது: நாட்டிலுள்ள சேமிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. அரசாங்கம் கடன் வாங்கிச் செலவு செய்தால், தொழில் முதலாளிக்குக் கிடைக்க வேண்டிய பணத்தை அது பறித்துக்கொள்கிறது. சாலை போடுவதால் நூறு பேருக்கு வேலை கிடைக்குமாயின், அதே பணம் கிடைக்காத ஆலையில் நூறு பேர் வேலை இழப்பர். மேலும், கடன் பெருகினால் நம்பிக்கை குலையும். நம்பிக்கை குலைந்தால் எவரும் புதுத் தொழில் தொடங்கார். பிரிட்டனின் நிதி இலாகாவே நெடுங்காலமாக இக்கொள்கையைக் கைக்கொண்டிருந்தது.

கெயின்ஸின் மறுமொழி வேறு. நாட்டில் எல்லா ஆலையும் ஓடி, எல்லாக் கைகளும் உழைத்துக்கொண்டிருந்தால் அவ்வாதம் பொருந்தும். ஆனால், 25 லட்சம் பேர் கைகட்டி நிற்கும்போது, அரசாங்கம் ஒருவனை வேலைக்கு அழைப்பதால் எந்த ஆலையும் ஆளின்றிப் போகாது. 1931 ஜனவரியில் பிரிட்டிஷ் வானொலியிலேயே அவர் இதனைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தார். இல்லத்தரசிகள் சில ஷில்லிங்குகளைச் செலவிடாமல் முடக்கினால், எங்கோ ஒரு தொழிலாளியின் ஒரு நாள் வேலை போகிறது என்பது அவர் கருத்து. நகரசபைகள் துணிந்து பெரும் பணிகளை மேற்கொள்ள வேண்டும் என்றார். இலண்டனின் தென்பகுதியை வெஸ்ட்மின்ஸ்டர் முதல் கிரீனிச் வரை இடித்து, நல்ல வீடுகளாகக் கட்டலாமே என்றும் கேட்டார்.

இவ்வாதத்தின் கரு எளியது: ஒருவர் செலவு மற்றொருவர் வரவு. கெயின்ஸின் மாணவரான ரிச்சர்டு கான், 1931 ஜூனில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதனைக் கணக்காக வகுத்தார். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். அரசாங்கம் ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் 100 பவுன் குறைக்கிறது என்று கொள்வோம். அவர் கடையில் வாங்குவதை 50 பவுன் குறைக்கிறார். கடைக்காரரின் வரவு 50 பவுன் குறைய, அவர் தம் செலவை 25 பவுன் சுருக்குகிறார். அடுத்தவர் பன்னிரண்டரை பவுன் சுருக்குகிறார். இவ்வாறு சென்றால், முடிவில் நாட்டின் வருமானம் 100 அன்று, 200 பவுன் குறைந்திருக்கும். அதன் பயனாக அரசாங்கத்தின் வரியும் குறையும். வேலை இழந்தோருக்கு உதவியும் கொடுக்க வேண்டிவரும். ஆகவே, 100 பவுன் மிச்சம் பிடிக்க எண்ணிய நிதி மந்திரியின் பையில் 100 பவுன் மிஞ்சுவதில்லை. குடும்பத் தலைவன் செலவைக் குறைத்தால் அவன் வரவு குறையாது; அரசாங்கம் செலவைக் குறைத்தால் அதன் வரவும் உடன் குறையும். குடும்ப நீதிக்கும் நாட்டு நீதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கூலியைப் பற்றிய வாதமும் இதனை ஒத்ததே. லங்காஷயரிலுள்ள ஒரு நூற்பாலை மட்டும் கூலியைப் பத்து வீதம் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நூல் மலிவாகும், விற்பனை பெருகும், அங்கு மேலும் பலருக்கு வேலை கிடைக்கலாம். இது கண்கூடு. ஆனால், நாட்டிலுள்ள எல்லா ஆலைகளும் சுரங்கங்களும் அலுவலகங்களும் ஒருங்கே கூலியைக் குறைத்தால்? கூலி பெறுவோரே பெரும்பாலும் பொருள் வாங்குவோர். அவர்கள் கைப்பணம் சுருங்கினால் விற்பனையும் சுருங்கும். விலைகள் இறங்கலாம், ஆனால் வாங்கிய கடன் இறங்காது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் குதிகாலை உயர்த்தி நின்றால் அவனுக்குத் தேர் நன்றாகத் தெரியும். எல்லாரும் குதிகாலை உயர்த்தினால் கால்வலியே மிச்சம். ஏற்றுமதியில் மட்டும் கூலிக் குறைப்புக்குப் பயனுண்டு. அதுவும் மற்ற நாடுகள் அவ்வாறே செய்யாத வரையில்தான். அக்காலத்தில் ஜெர்மனியின் தலைமை மந்திரி புரூனிங், அவசரச் சட்டங்களால் அரசாங்க ஊழியர் சம்பளத்தையும் தொழிலாளர் கூலியையும் அடுத்தடுத்துக் குறைத்தார். 1932 தொடக்கத்தில் அங்கு வேலையற்றோர் சுமார் 60 லட்சம் பேர்.

பிரிட்டனில் நடந்தது என்ன? 1931 செப்டம்பர் 10-ஆம் நாள் நிதி மந்திரி ஸ்னோடன் தமது அவசர வரவு செலவுத் திட்டத்தை வெளியிட்டார். வரிகள் உயர்ந்தன, ஆசிரியர், போலீசார், படைவீரர் ஆகியோரின் சம்பளம் குறைக்கப்பட்டது. கடற்படையின் கீழ்ப்படியிலிருந்த மாலுமிகள் சிலருக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங், 3 ஷில்லிங்காகியது. அதாவது நான்கில் ஒரு பங்கு போயிற்று. மேலதிகாரிகளுக்கோ அத்துணைப் பங்கு குறையவில்லை. ஸ்காட்லாந்திலுள்ள இன்வர்கார்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கப்பல்களைச் செலுத்த மறுத்தனர். உடனே அரசாங்கம் இறங்கிவந்து, பத்து வீதத்துக்கு மேற்படாது என்று அறிவித்தது. ஆயினும், செய்தி உலகெங்கும் பரவியது. பொன் மேலும் விரைந்து வெளியேறியது. செப்டம்பர் 21-ஆம் நாள் பிரிட்டன் பொன்னின் பிணைப்பை அறுத்துக்கொண்டது. எந்தப் பவுனின் மதிப்பைக் காக்க மந்திரி சபை வீழ்ந்ததோ, எதற்காக ஏழையின் உதவித்தொகை குறைந்ததோ, அந்த மதிப்பு நான்கே வாரங்களில் கைவிடப்பட்டது.

வாதம் அத்துடன் ஓயவில்லை. 1932 அக்டோபர் 17-ஆம் நாள் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் கெயின்ஸ், பிகு முதலியோர் ஒரு கடிதம் வெளியிட்டு, வேலையற்ற காலத்தில் செலவைச் சுருக்குவது நாட்டுப் பணியன்று என்று வாதித்தனர். கூலி இறங்காமையே வேலையின்மைக்குக் காரணம் என்னும் கருத்துடைய பிகுவும் அதிற் கையொப்பமிட்டது கருதத்தக்கது. இரண்டு நாள் கழித்து, இலண்டன் பொருளியற் கல்லூரியைச் சேர்ந்த ஹயெக், ராபின்ஸ், கிரெகரி, பிளாண்ட் ஆகிய நால்வர் அதே பத்திரிகையில் மறுத்தெழுதினர்: அரசாங்கக் கடன் பெருகுவதே தொழிலுக்கு இடையூறு, வாணிகத் தடைகளை நீக்குவதே மருந்து என்றனர். பிற்காலத்தில் ராபின்ஸ் தாம் அன்று கொண்ட நிலை தவறென்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அறிஞருக்கு அதுவும் ஓர் அணியே.

வேலையற்றோர் தொகை 1933 ஜனவரியில் ஏறத்தாழ 30 லட்சத்தை எட்டிப் பின்னர் இறங்கியது. இங்கு நாம் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசாங்கம் செலவைத் தாராளமாகத் திறந்துவிட்டதால் வந்த மீட்சியன்று அது. பவுன் மலிந்ததால் ஏற்றுமதிக்கு மூச்சு விடும் இடம் கிடைத்தது. பொன்னைக் காக்கும் தேவை நீங்கவே 1932 ஜூனில் பாங்க் வட்டி இரண்டு வீதமாகக் குறைந்தது. மலிந்த வட்டியில் கடன் வாங்கி மக்கள் வீடுகள் கட்டினர். உதவித்தொகைக் குறைப்பும் 1934-இல் நீக்கப்பட்டது. ஆகவே, சிக்கனம் இருந்தபோதும் மீட்சி வரலாம், வட்டியும் நாணயமும் இளகிக்கொடுத்தால். ஆனால், அம்மீட்சி எல்லா ஊரையும் எட்டவில்லை. கப்பல் கட்டும் தளம் மூடப்பட்ட ஜாரோ என்னும் ஊரிலிருந்து 1936 அக்டோபரில் சுமார் 200 பேர் வேலை கேட்டு இலண்டன் வரை நடந்தே சென்றனர். அதே ஆண்டில்தான் கெயின்ஸின் புகழ்பெற்ற 'பொதுக் கோட்பாடு' என்னும் நூலும் வெளிவந்தது.

பிற்கால வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1995-இல் கனடா அரசாங்கம் செலவைக் கடுமையாகக் குறைத்தது, ஆனால் வட்டி இறங்கியது, நாணயம் மலிந்திருந்தது, அண்டை நாடான அமெரிக்கா செழித்து அதன் பொருள்களை வாங்கியது, வேலை குறையவில்லை. கிரீஸ் நாடோ யூரோ என்னும் பொது நாணயத்தைத் தானே மாற்ற இயலாத நிலையில், 2010 முதல் செலவைக் குறைத்தது. 2012-இல் குறைந்தபட்சக் கூலியையும் 22 வீதம் வெட்டியது. 2013-இல் அங்கு உழைக்க முன்வந்தோரில் நூற்றுக்கு 27 பேருக்கு மேல் வேலையின்றி இருந்தனர். செலவுக் குறைப்பால் விளையும் கேட்டைத் தம் கணிப்புகள் குறைத்து மதித்துவிட்டன என்று பன்னாட்டு நாணய நிதியின் தலைமைப் பொருளியலறிஞரே அவ்வாண்டில் ஓர் ஆய்வில் எழுதினார்.

இவற்றால் அறிவது யாது? சிக்கனம் எக்காலத்தும் நன்று என்பதும், செலவு எக்காலத்தும் நன்று என்பதும் ஒருபுடைக் கூற்றுகள். எல்லாருக்கும் வேலை கிடைத்து, பொருள் போதாமல் விலை ஏறும் காலத்தில், கெயின்ஸின் வாதப்படியே அரசாங்கம் கையை இறுக்குதல் வேண்டும். ஆகவே, சிக்கனத்தைப் பற்றிய சொற்போரில் இறங்கும் மாணவர் மூன்று கேள்விகளை முதலிற் கேட்க வேண்டும். நாட்டில் வேலையற்ற கைகள் எத்துணை? அரசாங்கம் வாங்குவதை நிறுத்தினால் அவ்விடத்தில் வாங்கப் போகிறவர் யார்? வெட்டு எவர் தலையில் விழுகிறது? முதல் இரண்டுக்கும் விடை காண்பது பொருளியல். மூன்றாவதற்கு விடை காண்பது அறம். 1931-இன் மந்திரிகள் துண்டு விழும் தொகையை நன்றாக எண்ணினர். ஒன்றே முக்கால் ஷில்லிங்கை இழந்த வீடுகள் வாங்காது விட்ட பொருளை எண்ணவில்லை. அளந்து போடுதல் வேண்டும். ஆனால், அளக்கும் படி சரியானதா என்று முதலிற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.